மண்முனைத்துறை: மறைந்த துறையும் மறையக் கூடாத நினைவுகளும்

மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்கு எழுவான்கரை, படுவான்கரை என்னும் இரண்டு சொற்களையும் விளக்கத் தேவையில்லை. ஏனைய மாவட்டங்களிலிருந்து இவ்விதழை வாசிக்கும் சகோதரிகளுக்காகச் சிறிது சொல்கிறேன். எமது மாவட்டத்தில் கடற்கரையை ஒட்டி, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு வாவி கிடக்கிறது. புத்தகங்கள் அதனை வாவி என்றும் களப்பு என்றும் எழுதும். ஊரவர்களுக்கு அது 'ஆறு'தான். ஆற்றுக்குக் கிழக்கே, கடலுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம் சூரியன் எழும் கரை, அதுவே எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்து கிடப்பது சூரியன் படும் கரை, அது படுவான்கரை.

நகரம், பெரிய வைத்தியசாலை, கச்சேரி, சந்தை எல்லாம் எழுவான்கரையில் இருந்தன. நெல்லும் பாலும் தயிரும் விறகும் தேனும் படுவான்கரையில் இருந்தன. ஆகவே ஒரு கரை இல்லாமல் மற்றக் கரைக்கு வாழ்வில்லை. இந்த இரண்டையும் இணைத்த துறைகளுள் பெயர் பெற்றது மண்முனைத்துறை. ஆரையம்பதிப் பக்கமிருந்து ஆற்றைக் கடந்து மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலை, முனைக்காடு, முதலைக்குடா முதலிய ஊர்களுக்குச் செல்வோர் இத்துறையையே நம்பியிருந்தார்கள். 2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட 210 மீற்றர் நீளமான மண்முனைப் பாலம் திறந்து வைக்கப்பட்டது. அதன் பின்னர் துறைக்கு வேலை இல்லாமற் போயிற்று. இன்று பாலத்தால் போகும் ஒருவருக்கு அங்கே ஒரு துறை இருந்ததென்று சொல்ல ஒரு பெயர்ப்பலகைகூட என் கண்ணிற்படவில்லை.

மறைந்துபோன அந்தத் துறையைப் பற்றியும், அதை நாம் ஏன் மறக்கக் கூடாது என்பது பற்றியுமே இங்கு எழுத விரும்புகிறேன்.

பாதை என்னும் மிதவை

வடக்கிலும் கிழக்கிலும் 'பாதை' என்ற சொல்லுக்கு வீதி என்பதோடு இன்னொரு பொருளும் உண்டு. மிதவைகளின் மேலே தட்டையான தளம் அமைத்து, ஆட்களையும் சைக்கிள்களையும் வாகனங்களையும் ஏற்றி, நீரைக் கடத்தி விடுவதற்குப் பெயர் பாதை. காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போனவர்களுக்கும், சங்குப்பிட்டியில் காத்து நின்றவர்களுக்கும் இது நன்கு தெரிந்த சொல். எமது வாவியிலும் மண்முனையில் மட்டுமன்றி, அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையிலும், மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையிலும் பாதைகள் ஓடின. அம்பிளாந்துறை என்ற ஊர்ப் பெயரிலேயே துறை இருக்கிறது.

மண்முனைத்துறையில் பெரிய கட்டடம் எதுவும் இருந்ததில்லை. நீருக்குள் சரிந்து இறங்கும் ஒரு கரை, நிற்க ஒரு மர நிழல், ஒரு தேநீர்க் கடை, அவ்வளவுதான். ஆனால் இரு கரைச் சனங்களும் ஒருவரை ஒருவர் முகம் பார்த்துப் பேசிய இடம் அதுதான். தயிர்ச்சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வரும் பெண், அரிசி மூட்டையோடு வரும் விவசாயி, காத்தான்குடியிலிருந்து புடவைப் பொதியோடு வரும் முஸ்லிம் வியாபாரி, பாடசாலைக்குப் போகும் ஆசிரியை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓடி வரும் தாய் எல்லோரும் ஒரே பலகையில் நின்றார்கள். பாதை அக்கரையில் நின்றால் எல்லோருமே காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில்தான் சம்பந்தம் பேசப்பட்டது, கடன் கேட்கப்பட்டது, சாவுச் செய்தி சொல்லப்பட்டது, நெல்லின் விலை தீர்மானிக்கப்பட்டது.

ஒரு பெண்ணின் பெயரோடு தொடங்கிய இடம்

மண்முனையின் பழங்கதையில் நடுநாயகமாக இருப்பவள் ஒரு பெண் என்பது எமது வாசகிகளுக்கு மகிழ்ச்சி தரக் கூடும். 1962ஆம் ஆண்டு எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் என்னும் நூலிலே உலகநாச்சியின் கதை வருகிறது. கலிங்க தேசத்திலிருந்து வந்த இளவரசியாகிய உலகநாச்சிக்கு அக்கால அரசன் இந்தப் பகுதியை வழங்கினான் என்றும், அவள் மண்முனையில் குடிகளை அமர்த்தி ஆட்சி செய்தாள் என்றும் அந்தக் கதை சொல்லுகிறது. கொக்கட்டி மரம் ஒன்றை வெட்டியபோது இரத்தம் பெருகியதென்றும், அந்த இடத்திலே உலகநாச்சி கோயில் எழுப்புவித்தாள் என்றும், அதுவே கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயம் என்றும் ஐதீகம். போர்த்துக்கேயர் கோயிலை இடிக்க வந்தபோது கல் நந்தி எழுந்து புல் தின்றது என்ற கதையை அந்த ஊரில் சிறு பிள்ளையும் சொல்லும்.

உலகநாச்சி வாழ்ந்த காலம் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஐதீகத்தை அப்படியே வரலாறு என்று கொள்ளவும் முடியாது. ஆனால் ஒரு சமூகம் தன் தொடக்கத்தை ஒரு பெண்ணிடமிருந்து சொல்கிறது என்பது கவனிக்கத்தக்கது. சமூகவியல் படித்தவள் என்ற முறையில் எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை. மட்டக்களப்பில் குடி என்பது தாய்வழியில் வருவது. முற்காலத்தில் முக்குவர் சட்டம் என்று வழங்கிய வழமையில் சொத்துரிமையும் தாய்வழியையே பின்பற்றிச் சென்றது. இன்றும் வீடு வளவு பெண் பிள்ளைக்கே சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறான். ஆகவே மண்முனைத்துறையில் கலியாணமாகிக் கண் கலங்கிப் பாதை ஏறியது பெரும்பாலும் பெண் அல்ல. பெட்டியும் பாயுமாக ஆற்றைக் கடந்து அக்கரை சென்றவன் மாப்பிள்ளை! பெண் தன் தாயின் வளவிலேயே இருந்தாள். போர்க் காலத்தில் கணவனை இழந்த எத்தனையோ பெண்கள் தம் பிள்ளைகளோடு தெருவில் நிற்காமல் இருந்ததற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம் என்பதை என் வேலையில் நேரிலே கண்டிருக்கிறேன்.

அந்தப் பழைய பெயர் இன்றும் நிர்வாகத்தில் உயிரோடு இருக்கிறது. மண்முனை வடக்கு, மண்முனைப்பற்று, மண்முனை மேற்கு, மண்முனை தென்மேற்கு, மண்முனை தென் எருவில் பற்று என்று ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள் அதனைச் சுமக்கின்றன. சமுர்த்திப் படிவத்திலும் பிறப்புச் சான்றிதழிலும் நாம் எழுதும் பெயர் அது. அப்பெயர் பெற்ற துறை மட்டும் இல்லை.

துறை எல்லையானபோது

இரண்டு கரையை இணைத்த இடம் போர்க் காலத்தில் இரண்டு கரையைப் பிரிக்கும் இடமாயிற்று.

1987ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலைப் பகுதியில் இறால் பண்ணைத் தொழிலாளர்களும் ஊரவர்களும் கொல்லப்பட்டார்கள். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி எழுவான்கரையிலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அதன்பின் புடவைப் பொதியோடு பாதை ஏறிய வியாபாரிகளும், படுவான்கரையில் வயல் செய்த முஸ்லிம் விவசாயிகளும் அந்தத் துறைக்கு வர அஞ்சினார்கள். ஒரே பலகையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கும் காலம் வந்தது.

1991 யூன் 12ஆம் திகதி மண்முனைத்துறைக்கு அருகே கண்ணிவெடி ஒன்றில் இராணுவத்தினர் உயிரிழந்தார்கள். அதற்குப் பின் அன்றே மகிழடித்தீவிலும் அயற்கிராமங்களிலும் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அரசாங்கம் நியமித்த விசாரணை ஆணைக்குழு 67 பேர் கொல்லப்பட்டதாகக் கூறியது. ஊரவர்கள் சொல்லும் தொகை அதிலும் அதிகம். வீடுகள் எரிந்தன, பெண்கள் பலர் ஒரே நாளில் கணவனையும் தகப்பனையும் சகோதரனையும் இழந்தார்கள்.

அதன்பின் படுவான்கரை 2007 மார்ச் வரை பெரும்பாலும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும், எழுவான்கரை அரசாங்கக் கட்டுப்பாட்டிலும் இருந்தன. துறை சோதனைச்சாவடியாயிற்று. எரிபொருள், மின்கலம், பசளை, சீமெந்து என்று எத்தனையோ பொருட்களுக்குத் தடை இருந்தது. எதைக் கொண்டு போகலாம், எதைக் கொண்டு போகக் கூடாது என்பதை நன்றாக மனனம் செய்திருந்தவர்கள் பெண்கள். ஏனென்றால் ஆண்கள் துறைக்கு வரப் பயந்தார்கள். பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற அச்சம் இரண்டு பக்கத்திலும் இருந்தது. ஆகவே நெல் விற்க, மருந்து வாங்க, அடகு வைக்க, தடுப்பில் இருக்கும் பிள்ளையைத் தேட, கச்சேரிக்குப் போக, எல்லாவற்றுக்கும் பெண்களே பாதை ஏறினார்கள். எமது பகுதிப் பெண்கள் பலர் குடும்பத்துக்குத் தலைமை தாங்கப் பழகியது எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் அல்ல. மண்முனைத்துறையின் வரிசையில் என்று சொன்னால் அது மிகையாகாது.

2007 மார்ச்சில் எறிகணை வீச்சுக்கு மத்தியில் பல்லாயிரக்கணக்கானோர் படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்தார்கள். எத்தனையோ பேர் ஆற்றைக் கடந்தே உயிர் தப்பினார்கள்.

படத்தில் இல்லாத துறை

படுவான்கரைக் கிராமம் ஒன்றிலே பெண்கள் சங்கக் கூட்டமொன்றில் ஊர்ப் படம் வரையும் பயிற்சி நடத்தினேன். இருபது பேரளவில் வந்திருந்தார்கள். வயதில் மூத்தவர்கள் ஒரு குழு, இளையவர்கள் ஒரு குழு. கோயில், பாடசாலை, கிணறு, வயல், வைத்தியசாலை எல்லாம் இரண்டு படத்திலும் இருந்தன. மூத்தவர்கள் துறையைப் படத்தின் நடுவில் பெரிதாக வரைந்து, அதிலிருந்துதான் மற்ற எல்லாவற்றுக்கும் கோடு இழுத்திருந்தார்கள். இளையவர்களின் படத்தில் துறை இல்லவே இல்லை. பாலம் இருந்தது.

"இதென்ன புள்ள, ஆத்தக் காணல்ல?" என்று ஓர் அம்மா கேட்டார். இளையவர்கள் சிரித்தார்கள். பாலத்தில் போகும்போது ஆறு எங்கே கண்ணில் படுகிறது என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு.

அன்று கூட்டம் முடிந்தும் மூத்தவர்கள் எழும்பவில்லை. அந்த அம்மா தொண்ணூறுகளில் கணவனை இழந்தவர். தயிர் விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். விடியற் பாதை பிடிக்க மூன்று மணிக்கு எழும்பியதையும், சோதனையில் ஒவ்வொரு சட்டியாகத் திறந்து காட்டியதையும், கம்பியை விட்டுத் தயிரைக் கலக்கியபோது அழுததையும் சொன்னார். "கலங்கின தயிர ஆரு மகள் வாங்குவா? அதையும் ஒருத்தி வாங்கினாகா. காத்தான்குடிச் சோனகப் பொம்புள. மோருக்கு ஆகும் எண்டு சொல்லி முழுக் காசும் தந்தா" என்றார். 1990க்குப் பின் நெடுநாள் முகம் பார்க்காதிருந்த இரண்டு பெண்கள் மீண்டும் பேசிய கதை அது. எந்த ஆணைக்குழு அறிக்கையிலும் இது இருக்காது.

இன்னொரு தாய் வேறொரு கதை சொன்னார். இரவில் பிள்ளை வலி கண்டது. இரவில் பாதை ஓடாது. ஊரடங்கு வேறு. துறையில் விளக்கைத் தூக்கி ஆட்டியும் இக்கரைக்கு எவரும் வரவில்லை. விடியும்வரை துறையடியில் கிடந்தார். பிள்ளை தங்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, "துறை நல்லதுதான், பாலம் அதிலயும் நல்லது" என்று அவர் முடித்தார்.

மூன்றாமவர் அதிகம் பேசவில்லை. அவருடைய கணவர் ஒரு நாள் காலையில் பாதை ஏறிப் போனவர், திரும்பவில்லை. அவர் கணவனைக் கடைசியாகக் கண்ட இடம் துறை. கல்லறையும் இல்லை, திதி கொடுக்கத் தேதியும் இல்லை. வருடத்தில் ஒரு நாள் பாலத்தடிக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வருவாராம். துறை இருந்த இடம் இதுதான் என்று காட்ட அங்கே ஒரு மரம்கூட இல்லையே என்பதுதான் அவருடைய ஒரே குறை.

கல்லில்லாத மரபுரிமை

மரபுரிமை என்றதும் நமக்குக் கோட்டையும் கோயிலும் கல்வெட்டும் நினைவுக்கு வருகின்றன. எமது நாட்டில் 1940ஆம் ஆண்டிலிருந்தே தொல்பொருட் கட்டளைச் சட்டம் உண்டு. அது பெரும்பாலும் கல்லையும் கட்டடத்தையும் பொருளையும் காப்பது. மண்முனைத்துறையில் காப்பதற்குக் கல் இல்லை.

ஆனால் 2003ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் ஏற்படுத்திய சமவாயம் ஒன்று, வாய்மொழி வழக்கு, சடங்கு, கைவினை, வாழ்முறை அறிவு ஆகியவற்றையும் மரபுரிமை என்று ஏற்றுக்கொள்கிறது. இலங்கையும் 2008இல் அதில் இணைந்தது. அந்தக் கண்கொண்டு பார்த்தால் மண்முனைத்துறை பெரும் செல்வம். எந்தக் காற்றில் பாதை எப்பக்கம் ஒதுங்கும், மாரியில் நீர் எவ்வளவு ஏறும், கொக்கட்டிச்சோலைத் தேருக்குச் சனம் எப்படி ஆறு கடந்தது, எந்தப் பொருளுக்கு எந்தப் பொருள் மாற்றினார்கள் என்ற அறிவெல்லாம் அந்தத் துறையோடு சேர்ந்தது. அது இப்போது சில மூத்த பெண்களின், சில பாதைக்காரர்களின் நெஞ்சில் மட்டுமே இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போய்விடும்.

துறையைப் போற்றுவதென்றால் பாலத்தைக் குறை சொல்வது அல்ல. மகிழடித்தீவிலிருந்து மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு இன்று இரவிலும் நோயாளர் வண்டி போகிறது. அந்தத் தாயின் பிள்ளை இன்று பிறந்திருந்தால் தப்பியிருக்கக் கூடும். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாதிருந்த வேளையில் மிதவை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பாதையை மீண்டும் ஓட விடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. பாதையில் நின்றவர்களை மறந்து விடாதீர்கள் என்பதே கோரிக்கை.

நாம் செய்யக் கூடியவை

இதற்குப் பெரிய திட்டமோ நிதியோ வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பாலத்தின் இரு பக்கத்திலும் 'மண்முனைத்துறை இருந்த இடம்' என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை வைக்கப் பிரதேச செயலகத்தையும் பிரதேச சபையையும் கேட்கலாம். துறையடியில் ஒரு நிழல் மரம் நடலாம். கீழே இருக்க ஒரு கல் போடலாம். பாடசாலைப் பிள்ளைகள் தத்தம் அம்மம்மாவிடம் துறைக் கதை கேட்டு எழுதி வரலாம். பெண்கள் சங்கங்கள் ஒரு கொப்பி போட்டு, சொல்லப்படுவதைச் சொன்னபடியே அவரவர் பேச்சு வழக்கில் எழுதி வைக்கலாம். தொலைபேசியில் குரலைப் பதிவு செய்து வைப்பது இன்று மிகச் சுலபம்.

ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். எல்லோரும் எல்லாவற்றையும் சொல்ல விரும்புவதில்லை. இழப்பைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது. அனுமதி கேட்காமல் பெயர் எழுதக் கூடாது. அழுகை வந்தால் கொப்பியை மூடிவிட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும். நாம் எழுதுவதில் தமிழ்ப் பெண்ணின் கதையும் முஸ்லிம் பெண்ணின் கதையும் இருக்க வேண்டும். நல்ல நாளும் கெட்ட நாளும் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது துறையின் கதையாக இராது. துறைக்கு எப்போதும் இரண்டு கரை.

இது மண்முனைக்கு மட்டும் உரிய விடயமுமல்ல. கிண்ணியாவில் 2009இலும், சங்குப்பிட்டியில் 2011இலும் பாலங்கள் வந்தபோது அங்கிருந்த துறைகளும் இவ்வாறே மறைந்தன. கிளாலிக் கடல்நீரேரியை இரவில் கடந்தவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு துறை இருந்திருக்கும். அதில் நீங்களோ உங்கள் தாயோ எதையோ சுமந்து, எவரையோ கைப்பிடித்துக் கடந்திருப்பீர்கள்.

மண்முனைப் பாலத்தை நடந்து கடக்க மூன்று நிமிடம் போதும். அதே தூரத்தைக் கடக்க எமது தாய்மார் ஒரு காலத்தில் அரை நாள் வெயிலில் நின்றார்கள் என்பதை எமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். மாரி முடிந்து வெள்ளம் வடிந்ததும் எமது சங்கத்தின் மூத்தவர்கள் இளையவர்களைத் துறையடிக்குக் கூட்டிச் செல்வதென்று தீர்மானித்திருக்கிறார்கள். இடத்தைக் காட்டும் பொறுப்பைத் தயிர்க்கார அம்மா ஏற்றிருக்கிறார். ஊர்ப் படத்தையும் அன்றைக்கே புதிதாக வரைய இருக்கிறோம்.